உறைந்த ஆற்றின் ஓட்டிகள்

"காசு குடுத்து இந்தக் குளிருக்குள்ள ஆத்துக்குள்ள இறங்க எங்களுக்கென்ன விசரோ?"

அண்ணை இதைக் கேட்டது தன் சப்பாத்தைப் பார்த்து. அதன் அடியில் இரும்பு முள்ளாணிகள் வரிசையாக முடுக்கப்பட்டிருந்தன. கியூபெக் நகரத்துத் துறைமுகத்தின் ஓரம், வெப்பமூட்டிய ஒரு சிறு கொட்டிலுக்குள் நாங்கள் நால்வர் உட்கார்ந்து நீர்புகா உடைக்குள் எங்களைத் திணித்துக்கொண்டிருந்தோம். வெளியே பெப்ரவரி மாதத்துக் காலை, மறை 14 பாகை. அண்ணைக்கு அறுபது தாண்டிவிட்டது. மச்சானும் நானும் ஐம்பதின் தொடக்கத்தில். நாலாவது ஆள் மச்சானின் மகள்; மொன்றியலில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். இந்தப் பயணம் அவளுடைய யோசனை.

"மாமா, இது விளையாட்டு இல்லை. இது இந்த மாகாணத்தின்ர மரபுரிமை" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். மொன்றியலிலிருந்து கியூபெக் நகரம் 250 கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுக்க அவள் சொன்னவற்றையும், திரும்பி வந்த பின்னர் நானாகத் தேடி வாசித்தவற்றையும், அந்த ஆற்றின் நடுவில் எனக்கு நேர்ந்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஏறப்போகும் வள்ளத்தைப் பிரெஞ்சில் 'கனோ-அ-கிளாஸ்' என்கிறார்கள். பனிக்கட்டி வள்ளம். சுமார் எட்டு மீற்றர் நீளம், நூறு கிலோவுக்கு மேல் எடை, ஐந்து பேர். நாங்கள் நால்வர், ஐந்தாவது ஆளாகப் பின்னால் நின்று சுக்கான் பார்ப்பவள் எங்கள் வழிகாட்டி. இருபத்தைந்து வயதிருக்கும். அவள் எங்களுக்குச் சொன்ன முதல் விதி இது: "எது நடந்தாலும் வள்ளத்தில் இருந்து கையை எடுக்காதீர்கள். பனி உடைந்தால் வள்ளத்துக்குள் விழுங்கள்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். இதே விதியை வேறு மொழியில், வேறொரு கரையில் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

*

குளிர்நாட்டு ஆறு என்றால் மேலே கெட்டியாக உறைந்து கிடக்கும், அதன் மேல் நடந்தே போய்விடலாம் என்றுதான் நானும் முப்பது வருடமாக நினைத்திருந்தேன். சிறு ஆறுகளுக்கு அது பொருந்தும். சென் லோறன்ஸ் அப்படி இல்லை. அத்திலாந்திக் கடலின் ஏற்ற இறக்கம் இந்த ஆற்றுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஏறி வருகிறது. கியூபெக் நகரத்தில் தண்ணீர் நன்னீர்தான். வாயில் விட்டால் உப்புக் கரிக்காது. ஆனாலும் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நாலு மீற்றருக்கும் மேல் அதன் மட்டம் ஏறி இறங்கும். ஒரு நாளில் இரண்டு முறை ஆறு கடலை நோக்கி ஓடும், இரண்டு முறை திரும்பி மேலேறும்.

இந்த ஆற்றில் பனிக்கட்டி எப்படி ஒரே இடத்தில் நிற்கும்? கரையோரத்தில் கெட்டியாக ஒட்டிக்கொண்ட பனி உண்டு. அதற்கு அப்பால் வீட்டு முற்றமளவு, சிலவேளை கோயில் வீதியளவு அகன்ற பாளங்கள் ஒன்றையொன்று முட்டி, நொருங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நகர்கின்றன. அவற்றுக்கு இடையில் கறுப்பாகத் தண்ணீர் தெரியும். படகு விட முடியாத அளவுக்குப் பனி. நடக்க முடியாத அளவுக்குத் தண்ணீர்.

இந்த இடத்தில் ஆறு ஒரு கிலோமீற்றர் அளவுக்கு ஒடுங்குகிறது. 'கியூபெக்' என்ற பெயரே ஆறு ஒடுங்கும் இடம் என்ற பொருளுள்ள ஆதிக்குடிச் சொல்லிலிருந்து வந்தது. ஒடுங்கிய இடம் என்பதால் நகரம் இங்கே எழுந்தது. ஆனால் ஒடுங்கிய இடத்தில்தான் நீரோட்டமும் வேகம், பனியும் நெருக்கம். அக்கரையில் லெவி என்ற ஊர். இக்கரையில் நின்று பார்த்தால் அங்கே தேவாலயக் கோபுரமும் வீட்டுப் புகைபோக்கிகளும் தெளிவாகத் தெரியும். கோடையில் அரை மணி நேரம்கூட ஆகாத பயணம். மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் அந்த ஒரு கிலோமீற்றர் வேறு கணக்கு.

ஐரோப்பியருக்கு இந்த ஆறு முதலில் கொடுத்தது மரணத்தைத்தான். 1535இல் வந்த ஜாக் கார்த்தியேயின் கப்பல்கள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனியில் இறுகிக் கிடந்தன. அவருடைய ஆட்களில் இருபத்தைந்து பேரளவில் நோயில் செத்தார்கள். மற்றவர்களைக் காப்பாற்றியது ஆதிக்குடிகள் காட்டிக்கொடுத்த ஒரு மரத்தின் இலைக் கசாயம். 1608இல் சாம்ப்ளேன் இங்கே குடியேற்றம் அமைத்தபோது அவரோடு முதற் குளிர்காலத்தைக் கழித்த 28 பேரில் எட்டுப் பேர்தான் வசந்தத்தைக் கண்டார்கள். இந்த ஆற்றில் பிழைத்திருக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள். வள்ளமும் அவர்களிடமிருந்து வந்த அறிவு. ஆனால் பூர்ச்ச மரப்பட்டையால் செய்த வள்ளத்தைப் பனிப்பாளங்களின் விளிம்பு கிழித்துவிடும். ஆகவே குடியேறிகள் பெருமரத்தைக் குடைந்து கனமான வள்ளம் செய்தார்கள். பின்னர் பலகைகளால் கட்டினார்கள். பனியில் இழுபட வேண்டும் என்பதால் அடியைத் தட்டையாக்கி இரும்புப் பட்டை அடித்தார்கள். படகும் சறுக்குவண்டியும் கலந்த ஒன்று இப்படி உருவானது.

*

யார் இதில் போனார்கள்? எல்லோரும். ஓர்லியன் தீவின் விவசாயி சந்தைக்குப் போனான். பிரசவ வேதனையில் கிடந்தவளைப் பார்க்க மருத்துவர் போனார். சாகக் கிடந்தவருக்குக் கடைசி ஆசி கொடுக்கப் பாதிரியார் போனார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தபால் போனது.

தபாலின் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கியூபெக் நகரம் 40,000க்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த பெரிய துறைமுகம். ஆனால் ஆறு உறைந்ததும் துறைமுகம் மூடிவிடும். ஐரோப்பாவிலிருந்து வரும் கடிதங்கள் உறையாத கடற்கரையில், ஹலிபக்ஸிலோ போர்ட்லாண்டிலோ இறங்கித் தரைவழியாக வந்து சேரும். 1854இல் ரயில்பாதை லெவி வரைக்கும் வந்தது. ஆற்றில் பாலம் இல்லை. ஆக, அத்திலாந்திக்கை நீராவிக் கப்பலில் தாண்டி, நூற்றுக்கணக்கான மைல் ரயிலில் ஓடிவந்த ஒரு கடிதம், கடைசி ஒரு கிலோமீற்றருக்கு ஐந்தாறு மனிதர்களின் தோளையும் காலையும் நம்பி நின்றது.

பயணிகள் எருமைத்தோல் போர்த்துக்கொண்டு வள்ளத்தின் அடியில் மூட்டைபோலக் கிடப்பார்கள். ஓட்டிகள் தண்ணீர் வந்தால் ஏறித் துடுப்பு வலிப்பார்கள். பாளம் வந்தால் குதித்து இறங்கி, பயணிகளோடும் பொதிகளோடும் வள்ளத்தை மேலே இழுத்து ஏற்றி, ஓடி, மறுபக்கத்துத் தண்ணீரில் மறுபடி தள்ளிவிட்டுப் பாய்ந்து ஏறுவார்கள். பெருக்கோ வற்றோ அடித்துக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கு நேரே கரை சேர முடியாது. கீழே எங்கேயோ ஒதுங்கி, அங்கிருந்து நடந்து வர வேண்டும். சில கடுங்குளிர் வருடங்களில் இரு கரைக்கும் இடையே பனி இறுகிப் பாலமாக நின்றுவிடும். ஊருக்கு அது கொண்டாட்டம். குதிரைவண்டிகள் ஆற்றின் மேல் ஓடும். வள்ளக்காரன் வீட்டில் மட்டும் அந்த வருடம் உலை கொதிப்பது சிரமம்.

இவர்களை ஓவியத்தில் பிடித்தவர் கோர்னிலியஸ் கிறீகொஃப். 1815இல் ஆம்ஸ்ரடாமில் பிறந்து, ஐக்கிய அமெரிக்கப் படையில் சேர்ந்திருந்து, பின்னர் கியூபெக்குக்கு வந்து குடியேறியவர். அவரும் நம்மைப் போல ஒரு வந்தேறிதான். வாங்குவதற்கு ஆள் இருந்தது போலும், இந்தக் காட்சியைப் பலமுறை வரைந்திருக்கிறார். கம்பளித் தொப்பியும் இடுப்பில் சிவப்புக் கச்சையும் கட்டிய ஓட்டிகள் ஒரு வள்ளத்தைப் பனிப்பாளத்தின் மேல் இழுக்கிறார்கள். பின்னால் நகரத்தின் மலைமுகடு மங்கலாகத் தெரிகிறது. அந்த ஓவியங்களின் தலைப்பைக் கவனியுங்கள்: 'அரச தபால் சென் லோறன்ஸைக் கடக்கிறது'. கடந்தது தபாலாம். இழுத்தவர்களின் பெயரைத் தலைப்பில் தேடிப் பயனில்லை.

*

நாங்கள் புறப்பட்டது வற்றின் கடைசி நேரத்தில். கரையோரப் பனியில் வள்ளத்தை இழுப்பது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. பின்னர் 'த்ரொத்தினெத்' என்ற வித்தையைக் கற்றுக்கொடுத்தாள் வழிகாட்டி. பிள்ளைகள் ஒரு காலால் உதைத்து ஓட்டும் வண்டிக்கு உரிய பெயர் அது. ஒரு முழங்காலை வள்ளத்தின் விளிம்பில் வைத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, வெளியே தொங்கும் மற்றக் காலால் பனியை உதைக்க வேண்டும். ஐந்து பேரும் ஒரே தாளத்தில் உதைத்தால் வள்ளம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒருவர் தாளம் தப்பினால் எல்லோரும் தள்ளாடுவார்கள்.

மச்சான்தான் முதலில் தாளம் தப்பினார். அவருடைய கால் ஒரு வெடிப்புக்குள் போய், இடுப்புவரை தண்ணீர். மகள் கத்தியதற்குள் வள்ளத்துக்குள் குப்புற விழுந்துவிட்டார். விதி வேலை செய்தது. எழும்பி உட்கார்ந்தவர், "பேரின்பம்" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

தண்ணீர் வெளித்ததும் நாங்கள் நால்வரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து துடுப்பு வலித்தோம். போகும் திசை எங்களுக்குத் தெரியாது. அது சுக்கான்காரியின் கண்ணில் இருந்தது. துடுப்பின் நுனியில் இரும்புப் பல் ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குப் பதில் பனி அகப்பட்டால் அதைக் குத்தித் தள்ளுவதற்கு.

ஆற்றின் நடுவை அண்டியபோது அந்தப் பல்லும் உதவவில்லை. 'ஃப்ராஸில்' என்றாள் வழிகாட்டி. குரலில் இருந்த மாற்றத்திலேயே அது நல்ல செய்தி இல்லை என்று விளங்கியது. உறைநிலைக்கும் சற்றுக் கீழே குளிர்ந்த தண்ணீர் அலைந்துகொண்டே இருப்பதால் ஒரேயடியாக உறையாமல் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். அவை கோடிக்கணக்கில் சேர்ந்து கூழாகிவிடும். ஒடியற்கூழின் பதம். துடுப்பைப் போட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். காலை வைத்தால் விழுங்கும். பழைய ஓட்டிகள் அதிகம் அஞ்சியது இதற்குத்தான் என்றாள். வள்ளத்தை இருபுறமும் ஆட்டி ஆட்டி, கூழைத் தளர்த்தி, சாண் சாணாக முன்னேற வேண்டும்.

மூச்சு வாங்குவதற்காக ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னாள். நின்றோம். சுற்றிலும் சத்தமில்லை. பிறகு கேட்டது: வள்ளத்தின் பக்கப் பலகையில் பனிக்கூழ் உரசும் சத்தம். யாரோ வெளியிலிருந்து நகத்தால் மெல்லச் சுரண்டுவதுபோல. எங்கள் வள்ளம் நின்றாலும் நின்ற இடத்தில் இல்லை. ஆறு எங்களை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டு கரையும் தெரிகின்றன, ஒன்றையும் தொட முடியாது.

எனக்கு அப்போது கிளாலி வந்துவிட்டது.

*

நம்முடைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1990இல் மீண்டும் போர் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தெற்கே போகும் தரைவழிகள் அடைபட்டன. எஞ்சியது கடல்நீரேரி. கிளாலிக் கரையிலிருந்து பூநகரிப் பக்கத்துக் கரைகளுக்குச் சிறு படகுகளில், நிலவில்லாத இரவுகளில், விளக்கில்லாமல் சனம் போய் வந்தது. முன்னால் ஒரு இயந்திரப் படகு; அதன் பின்னால் கயிற்றில் கோத்த படகுகள். நாகதேவன்துறையில் கடற்படை முகாம் இருந்தது. வெளிச்சம் அடித்தார்கள், சுட்டார்கள், படகிலேயே சனம் செத்தது. 1993 ஜனவரியில் நடந்த கொலைகளைப் பற்றிக் கேட்டால் அந்தக் காலத்தில் அங்கிருந்த யாரும் சொல்வார்கள்.

நான் கடந்தது 1992 ஐப்பசியில். எனக்குப் பதினெட்டு வயது. அம்மா கொழும்புவரை வழியனுப்ப வந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பைக்குள் என் சான்றிதழ்கள். படகில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பெயின்ற் வாளி ஒன்றால் மாறி மாறி இறைத்தோம். பாதி வழியில் முன்படகின் இயந்திரம் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகின் பக்கத்தில் தண்ணீர் மெல்ல அடிக்கும் சத்தம் மட்டும். ஒரு குழந்தை சிணுங்கியது. அதன் தாய் முந்தானையால் அதன் வாயை மூடினாள். பின்னால் நின்ற ஓட்டி தணிந்த குரலில் சொன்னார்: "ஒருத்தரும் அசையாதையுங்கோ. என்ன நடந்தாலும் வள்ளத்தை விடாதையுங்கோ."

அவர் காதை மூடித் துவாய் கட்டியிருந்தார். வாயில் பற்றவைக்காத சுருட்டு. வெளிச்சம் கூடாது என்பதால் அதை மென்றுகொண்டிருந்தார். எங்களை இறக்கிவிட்டு அந்த இரவே மறுபடி கிளாலிக்குத் திரும்பியிருப்பார். அடுத்த நாளும் வந்திருப்பார். அதற்கடுத்த நாள் என்னவானார் என்று எனக்குத் தெரியாது.

"மாமா, நீங்கள் சரியோ?" என்று மச்சானின் மகள் கேட்டாள். நான் துடுப்பை வலிக்காமல் இருந்திருக்கிறேன். "சரி பிள்ளை" என்றேன். அண்ணை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அவன் கிளாலிக்குப் போட்டு வாறான். விடு."

*

வள்ளக்காரரின் காலம் ஒரே நாளில் முடியவில்லை. 1860களில் பனியை உடைத்துக்கொண்டு போகும் நீராவிப் படகுகள் லெவிக்கும் கியூபெக்குக்கும் இடையே ஓடத் தொடங்கின. மழைக்காலச் சேற்றில் மாட்டுவண்டிக்காரனை லொறி முந்தியது போலத்தான். முதலில் பணக்காரப் பயணிகள் போனார்கள், பிறகு தபால், பிறகு எல்லோரும்.

அடுத்தது பாலம். அந்தப் பாலத்துக்கும் ஒரு பலிக் கணக்கு இருக்கிறது. 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் ஆற்றுக்குள் சரிந்தது. 75 தொழிலாளர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற மோஹாக் ஆதிக்குடிக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். 1916இல் நடுப்பகுதியைத் தூக்கிப் பொருத்தும்போது அது விழுந்து மேலும் 13 பேர் செத்தார்கள். 1917இல்தான் ரயில் அதன் மேல் போனது. 1935இல் ஓர்லியன் தீவுக்குப் பாலம் வந்தது. 1960களிலிருந்து பனியுடைக்கும் கப்பல்கள் குளிர்காலம் முழுக்க மொன்றியல்வரை கப்பல் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. பனி இறுகிப் பாலமாக நிற்க இனி வாய்ப்பே இல்லை.

பாலம் எட்டாத தீவுகளில் வள்ளம் இன்னும் சில காலம் நின்றது. ஆற்றின் கீழே கூத்ர் தீவு இருக்கிறது. கார்த்தியே 1535இல் அங்கே கண்ட மரங்களின் பெயரை அதற்கு வைத்தார். அங்கே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் தபாலும் ஆட்களும் குளிர்காலத்தில் வள்ளத்தில்தான் போய்வந்தார்கள். எழுத்தாளர் பியர் பெறோவும் இயக்குநர் றெனே பொனியேரும் 1950களின் கடைசியில் எடுத்த ஆவணப்படத் தொடரில், அந்தத் தீவின் குளிர்காலக் கடப்புக்கென்றே ஒரு படம் இருக்கிறது. அதில் இருப்பவர்கள் போட்டிக்காரர் இல்லை. அன்றைக்கு வேலைக்குப் போகிறவர்கள். படம் எடுப்பவருக்காக ஒருவரும் சிரிக்கவில்லை. பெறோ அவர்களுடைய பேச்சையும் ஊர்மொழியையும் ஒலிப்பதிவு செய்வதிலேயே தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர்.

தொழில் செத்த இடத்தில் போட்டி முளைத்தது. 1894இல் நடந்த குளிர்காலத் திருவிழாவிலேயே ஒரு வள்ளப் போட்டி வைத்திருக்கிறார்கள். 1955இல் இன்றைய கியூபெக் கார்னிவல் தொடங்கியபோது அது நிலையான நிகழ்ச்சி ஆயிற்று. நகரத்திலிருந்து புறப்பட்டு லெவியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். தொடக்க காலத்தில் வலித்தவர்களில் பலர் தீவுக்காரர். நேற்றுவரை பிழைப்புக்காகச் செய்ததை இன்று கோப்பைக்காகச் செய்தார்கள். இப்போது தாதிமார், தச்சர், மாணவர், கணினிக்காரர் எல்லோரும் வலிக்கிறார்கள். பெண்கள் அணிகள் தனியாக உண்டு. வள்ளம் மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கு மாறிவிட்டது. 2014இல் கியூபெக் அரசு இந்தப் பழக்கத்தைத் தன் புலப்படா மரபுரிமையாக அறிவித்தது. பொருள் ஒன்றையோ கட்டடம் ஒன்றையோ அவர்கள் காப்புக்கு எடுக்கவில்லை. ஒரு ஆற்றைக் கடக்கத் தெரிந்த உடம்பின் அறிவை எடுத்தார்கள்.

இதில் எனக்கு முதலில் ஒரு எரிச்சல் இருந்தது. பட்டினிக்கும் சாவுக்கும் நடுவில் சிலர் செய்ததை வேறு சிலர் பொழுதுபோக்காகச் செய்கிறார்களே என்று. கொட்டிலில் அண்ணை கேட்ட கேள்வியின் அடியிலும் அதுதான் இருந்தது. ஆனால் ஃப்ராஸிலுக்குள் வள்ளத்தை ஆட்டி ஆட்டி ஒரு சாண் நகர்த்திய பிறகு கிறீகொஃபின் ஓவியத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அந்தச் சிவப்புக் கச்சைக்காரனின் தோள் எங்கே நோகும் என்று இப்போது தெரியும். இப்படி விளையாடுவதால் அந்த அறிவு சாகவில்லை.

*

நாங்கள் லெவியைத் தொடவில்லை. பெருக்கு திரும்பிவிட்டதால் வழிகாட்டி எங்களைப் பாதியிலேயே திருப்பினாள். கரையில் ஏறியபோது அண்ணையின் மீசையில் பனி கட்டியிருந்தது. கொட்டிலில் சூப் தந்தார்கள். கையுறையைக் கழற்றி, விரல்களுக்கு உணர்வு திரும்பும்வரை அந்தக் கோப்பையை அணைத்துக்கொண்டிருந்தோம்.

"கிளாலிக்குப் போட்டு வாறான் எண்டு பெரியப்பா சொன்னது என்ன?" என்று மச்சானின் மகள் கேட்டாள்.

மச்சான் 1989இலேயே வந்துவிட்டவர். அவருக்குக் கிளாலி இல்லை. அண்ணை 1993இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கடந்தவர். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னோம். அவள் கைத்தொலைபேசியை எடுத்து, கேட்டுவிட்டு, ஒலிப்பதிவை அமர்த்தினாள். நாங்கள் சொல்லி முடித்ததும் வரலாறு படிக்கும் பிள்ளை கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டாள்.

"உங்களைக் கொண்டுபோனவரின்ர பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணை நெடுநேரம் யோசித்தார். "எங்கட ஓட்டி ஒரு சின்னப் பெடியன். என்ர பிள்ளையைத் தன்ர மடியில வைச்சிருந்தவன். பெயர் கேக்கேல்ல" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை.

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழரைக் காப்பாற்றிய மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்ரன். அவருடைய பெயர் நமக்குத் தெரியும். கனடாத் தமிழர் அவரை நினைவுகூர்ந்து நன்றி சொல்லியிருக்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஆயிரமாயிரம் பேரை இரவிரவாகக் கொண்டுபோய்விட்ட நம்முடைய ஓட்டிகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கட்டணம் கொடுத்தோம், இறங்கினோம், மறந்தோம். கிறீகொஃபின் ஓவியத் தலைப்பைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சென் லோறன்ஸும் கிளாலியும் ஒன்றல்ல. அந்த ஆற்றில் வள்ளக்காரரைக் கொன்றது குளிரும் நீரோட்டமும். அவர்களைக் குறிபார்த்து யாரும் சுடவில்லை. கிளாலியைப் போட்டியாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. ஆனால் பாலம் வந்தபின் என்ன நடக்கும் என்பதில் இரண்டும் ஒன்றுதான். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. எங்கள் ஊர் வழக்கில் வாகனம் ஏற்றும் மிதவைக்கே 'பாதை' என்று பெயர். அந்தப் பாதையும் படகும் இருந்த இடத்தை இப்போது பேருந்து சில நிமிடங்களில் தாண்டுகிறது. பேருந்தின் சன்னலால் பார்க்கும் பிள்ளைக்கு அது வெறும் தண்ணீர். கியூபெக்காரருக்கு ஒரு பெறோ இருந்தார். ஓட்டிகள் உயிரோடு இருக்கும்போதே ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். கிளாலியில் ஓட்டியவர்களில் இளையவர்களுக்கே இன்று ஐம்பது தாண்டியிருக்கும்.

திரும்பும் வழியில் மூன்று பெரியவர்களும் நித்திரை. மச்சானின் மகள்தான் கார் ஓட்டினாள். அடுத்த வாரம் எனக்கும் அண்ணைக்கும் ஒரு அட்டவணை அனுப்பியிருந்தாள். கடந்தவர், கடந்த மாதம், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், படகில் எத்தனை பேர், ஓட்டியின் பெயர், ஓட்டியின் ஊர். எங்கள் இரண்டு பேருடைய வரிகளையும் அவளே நிரப்பியிருந்தாள். கடைசி இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. அண்ணை தன் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவருக்கும் பெயர் தெரியாது. ஆனால் அந்தப் பெடியனின் இடது கையில் பச்சை குத்தியிருந்தது நினைவிருக்கிறதாம். அதை ஒரு குறிப்பாகச் சேர்த்திருக்கிறாள்.

இந்த இதழ் பல நாடுகளுக்குப் போகிறது. இதை வாசிப்பவர்களில் கிளாலியைக் கடந்தவர்கள் இருப்பீர்கள். ஓட்டியவர்களின் பிள்ளைகள், மருமக்கள்கூட இருக்கலாம். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1992 ஐப்பசியில், காதை மூடித் துவாய் கட்டி, பற்றவைக்காத சுருட்டை மென்றுகொண்டு ஒருவர் என்னையும் அம்மாவையும் அக்கரை சேர்த்தார். அவருடைய பெயர் எனக்கு வேண்டும்.